எட்டு மணி நேரம் கப்பலில் வந்து இறங்கவில்லை

(ஜூலை 30 தியாகிகள் தினத்தையொட்டிப் பெரிய முதலியார்சாவடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மரக்காணம் உப்பளத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும், வயல் வேலை முடித்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கு வந்தவர்களும், புதுச்சேரி மில்களில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களும் இந்தத் திடலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை அதிக நேரம் காக்கவைக்க மாட்டேன். விடியுமுன் எழுந்து பாத்தியில் இறங்க வேண்டியவர்கள் உங்களில் பலர் என்பது எனக்குத் தெரியும்.

இந்தக் கூட்டத்துக்கு அழைப்பதற்காகப் போன வாரம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். உப்பு அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆயா நோட்டீசைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன். கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்: "ஏம்பா, உலகத் தொழிலாளர் ஒற்றுமைன்னு போட்டிருக்கியே, எந்த தேசத்துக்காரன் வந்து எனக்குக் கூலி ஏத்திக் குடுக்கப்போறான்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் சைக்கிளில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது நியாயமான கேள்வி. முப்பது வருஷமாக உப்பு வாரிக் கால் வெடித்துப்போன ஒருவருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆகவே இன்றைக்கு நான் வேறு எதுவும் பேசப்போவதில்லை. அந்த ஆயாவுக்குப் பதில் சொல்லப்போகிறேன். அவரும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லையின் இரண்டு பக்கம்

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊர் அந்நாளில் பிரிட்டிஷ் சர்க்காரின் தென்னாற்காடு ஜில்லா. தெற்கே கோட்டக்குப்பம் தாண்டினால் பிரெஞ்சுக்காரனின் புதுச்சேரி. வடக்கே காலாப்பட்டும் பிரெஞ்சுக்காரனுக்கே சொந்தம். பேச்சு ஒன்று, கோயில் ஒன்று, கொள்வினை கொடுப்பினை ஒன்று. கொடிதான் இரண்டு.

இந்த எல்லை யாருக்கு எல்லையாக இருந்தது? மில் முதலாளிக்கு அது ஒரு தடையே அல்ல. அன்று புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன: சவானா மில், கெப்ளே மில், ரோடியர் மில். சவானா பின்னாளில் சுதேசி மில் ஆயிற்று. கெப்ளே மில் பாரதி மில் ஆயிற்று. 1898இல் தொடங்கிய ரோடியர் மில்லுக்குக் கம்பெனிப் பெயர் ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். பெயரிலேயே இரண்டு தேசத்து முதலாளிகள் கை கோத்து நின்றார்கள்! புதுச்சேரியில் நெய்து சாயமிட்ட 'கினே' என்னும் நீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரைக்கும் போய் விற்றது. நூற்றவன் தமிழன், உடுத்தியவன் ஆப்பிரிக்கன், லாபம் எடுத்தவன் ஐரோப்பியன். தொழிலாளி 'சர்வதேசம்' என்ற சொல்லைக் கற்றுக்கொள்வதற்கு வெகு காலம் முன்பே முதலாளி அதை நடத்திக் காட்டிவிட்டான்.

தொழிலாளிக்கு மட்டும் எல்லை உண்டு. பிரிட்டிஷ் பக்கத்தில் 1934ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 54 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. அதுவே கொடுமைதான். பிரெஞ்சுப் பக்கத்திலோ சங்கம் வைக்கக்கூட உரிமை இல்லை. பொழுது விடியுமுன் உள்ளே போனால் பொழுது சாய்ந்து வெளியே வரலாம்.

என் பாட்டனார் பதினைந்து பதினாறு வயதில் அங்கே ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். இந்த ஊரிலிருந்து நடந்தே போவார். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் அவர் ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார்: "போகும்போதும் அரிக்கேன் விளக்கு, வரும்போதும் அரிக்கேன் விளக்கு." வேறு வர்ணனை தேவையில்லை.

1936 ஜூலை 30

1935லேயே சவானா மில் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் திரட்டி நின்றவர் மக்கள் தலைவர் வ. சுப்பையா. 1934இல் 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்றுதான். 1936 ஜூலையில் போராட்டம் மறுபடி மூண்டது. எட்டு மணி வேலை வேண்டும், சங்க உரிமை வேண்டும், கூலி உயர வேண்டும் என்றார்கள். தொழிலாளிகள் மில்லை விட்டு வெளியே வரவில்லை, உள்ளேயே உட்கார்ந்தார்கள். மெஷின் பக்கத்திலேயே உண்டு, மெஷின் பக்கத்திலேயே படுத்தார்கள்.

ஜூலை 30ஆம் தேதி பிரெஞ்சு சர்க்காரின் ஆயுதப் படை மில்லைச் சூழ்ந்து சுட்டது. 12 தொழிலாளிகள் மாண்டார்கள். காயம்பட்டவர்கள் பலர். அவர்கள் கேட்டது ராஜ்யத்தை அல்ல. பகலில் வீடு திரும்பும் உரிமையைக் கேட்டார்கள்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அப்போது பாரீசில் ஆட்சி செய்தது யார்? மக்கள் முன்னணி சர்க்கார்! சோஷலிஸ்டுத் தலைவர் லெயோன் புளூம் பிரதமர். கம்யூனிஸ்டுகள் வெளியிலிருந்து ஆதரவு. அந்த சர்க்காரை ஆட்சியில் ஏற்றியது பிரெஞ்சுத் தொழிலாளி வர்க்கம். அந்த வருஷம் மே, ஜூன் மாதங்களில் பிரான்சில் ஏறத்தாழ 20 லட்சம் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்து, நம்மவர்களைப் போலவே ஆலைகளுக்குள் உட்கார்ந்தார்கள். ஜூன் 8ஆம் தேதி விடியுமுன் பாரீசில் மாத்தினோன் மாளிகையில் முதலாளிகள் பணிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கூலி உயர்ந்தது. சங்க உரிமை உறுதியாயிற்று. பின்னாலேயே வாரம் 40 மணி வேலை என்றும், வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு என்றும் சட்டங்கள் வந்தன.

அந்த ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே கொடியின் கீழ், அதே கோரிக்கைக்காக, அதே முறையில் உட்கார்ந்த புதுச்சேரித் தொழிலாளிக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு! பிரான்சில் போட்ட சட்டம் பிரான்சோடு நின்றது. காலனி தேசத்துக் கறுப்புத் தொழிலாளிக்கு அது கிடையாது. நல்ல சர்க்கார் ஒன்று தூர தேசத்தில் உட்கார்ந்துவிட்டால் நமக்கு விமோசனம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு பாடத்தைப் படித்தால் போதும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. செய்தி பாரீசுக்குப் போயிற்று. பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகளும் தொழிற்சங்கத்தாரும் தங்கள் சர்க்காரைப் பார்த்தே கேட்டார்கள்: இங்கே கொடுத்ததை அங்கே கேட்டால் சுடுவதா? 1937இல் சுப்பையா தாமே கப்பலேறிப் பாரீசுக்குப் போனார். மில் தொழிலாளியின் வழக்கை மந்திரிகளின் வாசலில் கொண்டுபோய் வைத்தார். அந்தக் கதவுகளைத் திறக்க அங்கிருந்த தோழர்கள் கூட நின்றார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் பிரெஞ்சிந்தியத் தொழிலாளர்களுக்கான ஆணை பிறந்தது. சங்கம் அமைக்கும் உரிமையும் எட்டு மணி வேலை நாளும் சட்டமாயின. ஆசியாவிலேயே முதலில் வந்தது இதுதான் என்று நம் பெரியவர்கள் மார்தட்டிச் சொல்வார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வாரம் 48 மணி என்பது 1946இல்தான் வந்தது.

என் பாட்டனார் விளக்கில்லாமல் வீடு திரும்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஆயா, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. எட்டு மணி நேரம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்து இறங்கவில்லை. முதலில் இங்கே 12 பேர் விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பட்டினி கிடந்தார்கள். அதன் பிறகுதான் அங்கிருந்து கை நீண்டது. அந்தக் கை நீளாமல் போயிருந்தால் இந்தப் பன்னிரண்டு பேரின் சாவு கவர்னர் ஆபீசின் பழைய காகிதக் கட்டோடு போயிருக்கும். இரண்டும் சேர்ந்தபோது காரியம் ஆயிற்று.

அவனுக்கு என்ன அக்கறை?

"சரி, பாரீஸ் தொழிலாளிக்குப் புதுச்சேரிக்காரன் மாமனா, மச்சானா? அவனுக்கு ஏன் அக்கறை?" என்று கேட்கலாம். இதற்குப் பதில் சொல்ல லண்டன் வரைக்கும் போய்வர வேண்டும்.

சுமார் 160 வருஷங்களுக்கு முன்பு இங்கிலாந்துத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டபோதெல்லாம், வேலை நேரத்தைக் குறை என்றபோதெல்லாம், முதலாளி ஒரே பதில் சொன்னான்: "உனக்கு இஷ்டமில்லையென்றால் போ. பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஆள் கொண்டுவருகிறேன். அவன் குறைந்த கூலிக்குச் செய்வான்." சொன்னபடி கொண்டும் வந்தான்.

இங்கிலாந்துத் தொழிலாளி என்ன செய்திருக்கலாம்? வந்தவனை அடித்து விரட்டியிருக்கலாம். "அந்நியனே வெளியேறு" என்று கத்தியிருக்கலாம். அப்படிச் செய்தவர்களும் உண்டு. ஆனால் ஜார்ஜ் ஆட்ஜர் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியும் அவருடைய சங்கத்துத் தோழர்களும் வேறு வழி கண்டார்கள். 1863இல் பிரான்சுத் தொழிலாளிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உங்களைக் காட்டி எங்களைப் பயமுறுத்துகிறார்கள். உங்கள் கூலி தாழ்ந்திருக்கும்வரை எங்கள் கூலி உயராது. ஆகவே பேசுவோம் வாருங்கள் என்பது அதன் சாரம். மறு வருஷம் 1864 செப்டம்பர் 28ஆம் தேதி லண்டனில் செயின்ட் மார்ட்டின் மண்டபத்தில் கூடி ஒரு ஸ்தாபனம் கண்டார்கள். அதுதான் முதல் அகிலம். கார்ல் மார்க்ஸ் மேடையில் உட்கார்ந்திருந்தார். அதன் பிரகடனத்தை எழுதியவர் அவரே.

அந்த ஸ்தாபனம் வெறும் தீர்மானம் போடும் சபையாக இருக்கவில்லை. 1866இல் எடின்பரோ தையல்காரர்களின் போராட்டத்தை உடைக்க ஜெர்மன் தையல்காரர்களைக் கொண்டுவரப் பார்த்தபோது, போகாதீர்கள் என்று ஜெர்மன் பத்திரிகைகளுக்கு எச்சரிக்கை எழுதி அனுப்பினார்கள். 1867இல் பாரீசு வெண்கல வேலைக்காரர்களை முதலாளிகள் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியபோது லண்டன் சங்கங்களிலிருந்து பணம் போயிற்று, பாரீசுக்காரர்கள் வென்றார்கள். எட்டு மணி வேலை நாள் என்ற கோரிக்கையை உலகக் கோரிக்கையாக ஏற்றுத் தீர்மானம் போட்டது அகிலத்தின் 1866ஆம் வருஷ ஜெனீவா மகாநாடு.

பார்த்தீர்களா, தோழர்களே? இது தர்மம் கொடுக்கிற சமாசாரம் அல்ல. பக்கத்துப் பாத்தியில் வரப்பு உடைந்தால் நம் பாத்தியில் தண்ணீர் நிற்காது. உப்பு வாருகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடல் தாண்டி வந்த பணம்

1889இல் லண்டன் துறைமுகக் கூலிகள் வேலையை நிறுத்தினார்கள். தினம் காலையில் கேட்டு வாசலில் நின்று, கங்காணி கை காட்டினால் வேலை, இல்லாவிட்டால் பட்டினி என்று வாழ்ந்தவர்கள். மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டார்கள். போராட்டம் வாரக்கணக்கில் நீண்டது, குழந்தைகளுக்குச் சோறில்லை. சரணடைய வேண்டியதுதான் என்ற நிலையில் ஆஸ்திரேலியாவிலிருந்து தந்தி மூலம் பணம் வரத் தொடங்கியது. அங்கிருந்த தொழிலாளிகளும் ஜனங்களும் காசு காசாகச் சேர்த்து அனுப்பினார்கள். மொத்தம் 30,000 பவுனுக்கு மேல்! போராட்டம் வென்றது. அதே வருஷம் பாரீசில் கூடிய சர்வதேச மகாநாடுதான் 1890 முதல் மே தினம் கொண்டாட அறைகூவல் விட்டது. 1886இல் சிகாகோவில் எட்டு மணி நேரத்துக்காக எழுந்த போராட்டத்தின் ரத்தம் அந்த நாளில் இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் அந்தக் கொடியை 1923இல் சென்னைக் கடற்கரையில் ஏற்றியவர் சிங்காரவேலர்.

ஆனால் உலகம் எட்டு மணி நேரத்தை ஒப்புக்கொண்டபோதும் நமக்கு என்ன நடந்தது தெரியுமா? 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று உடன்படிக்கை செய்தது. அதிலேயே இந்தியாவுக்கென்று தனியாக ஒரு பிரிவு எழுதினார்கள்: இந்தியத் தொழிலாளிக்கு வாரம் 60 மணி! அவன் உடம்பு இரும்பா? இல்லை, சென்னையில் 1918இல்தான் முதல் சங்கம் பிறந்திருந்தது, நம் குரலுக்குப் பலம் போதவில்லை. பலமில்லாதவன் பெயர் உலக உடன்படிக்கையில் எழுதப்பட்டாலும் விதிவிலக்கில்தான் எழுதப்படும். 1920இல் ஏ.ஐ.டி.யு.சி. பிறந்ததற்கு இப்படிப்பட்ட அவமானங்களும் ஒரு காரணம்.

பிறகு பம்பாய். 1928இல் ஒன்றரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளிகள் ஆறு மாதம் நின்றார்கள். மாஸ்கோவின் ஜவுளித் தொழிலாளர் சங்கம் பணம் அனுப்பியது. வெள்ளைக்கார சர்க்காருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முதலாளி லண்டனிலிருந்து மூலதனம் கொண்டுவந்தால் அது வியாபாரம். தொழிலாளி மாஸ்கோவிலிருந்து அரிசிக்குக் காசு வாங்கினால் அது சதி! பிலிப் ஸ்பிராட், பென் பிராட்லி போன்ற ஆங்கிலேயத் தோழர்களை நாடு கடத்துவதற்கென்றே பொதுப் பாதுகாப்பு மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டசபையில் தோற்றது. பிறகு 1929 மார்ச் 20ஆம் தேதி நாடெங்கும் தொழிற்சங்கத் தலைவர்களைப் பிடித்து மீரத் சதி வழக்கு போட்டார்கள். பிராட்லி லண்டன் உலோகத் தொழிலாளி. நம் தொழிலாளிகளோடு ஒரே கூண்டில் நின்று பத்து வருஷத் தண்டனை பெற்றார். ஸ்பிராட்டுக்குப் பன்னிரண்டு வருஷம். மேல்கோர்ட் பின்னால் குறைத்தது. ஸ்பிராட் பிற்காலத்தில் நம் பாதையை விட்டு விலகிப் போனார். அதனால் அவர் இந்தியத் தொழிலாளிக்காகச் சிறையில் கழித்த நாட்கள் இல்லையென்று ஆகிவிடாது.

நாம் கொடுத்ததும் உண்டு

நாம் வாங்கிக்கொண்டே இருந்தவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1945இல் இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. டச்சுக்காரன் அதை நசுக்க ஆஸ்திரேலியத் துறைமுகங்களிலிருந்து கப்பல்களில் ஆயுதம் ஏற்றப் பார்த்தான். இந்தோனேசிய மாலுமிகள் இறங்கினார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளிகள் சரக்கைத் தொட மறுத்தார்கள். ஆள் பற்றாக்குறைக்கு இந்தியக் கப்பல் தொழிலாளிகளைக் கொண்டுவந்து ஏற்றினான். அவர்களும் விஷயம் தெரிந்ததும் சிட்னியில் வேலையை மறுத்து இறங்கிவிட்டார்கள்! குறைந்த கூலிக்காரன், கறுப்பன், அடங்கிப் போவான் என்றுதானே அவர்களைக் கொண்டுவந்தான்? கணக்குத் தப்பிற்று.

மலாயாவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பிறந்து அங்கே போன எஸ்.ஏ. கணபதி, தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒன்றாக நின்ற அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவரானார். 1948இல் பிரிட்டிஷ் சர்க்கார் அந்த ஸ்தாபனத்தை ஒழித்தது. துப்பாக்கி வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி, 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் கண்டனம் எழுந்தது. ஆனாலும் கயிறு இறங்கவில்லை.

ஏன் முடியவில்லை? கசப்பான உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். யுத்தம் முடிந்ததும் 1945 அக்டோபரில் பாரீசில் உலகத் தொழிற்சங்க சம்மேளனம் பிறந்தது. ரஷ்யாவும் பிரிட்டனும் அமெரிக்காவின் சி.ஐ.ஓ. சங்கங்களும் நம் ஏ.ஐ.டி.யு.சி.யும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தன. நான்கே வருஷம்! அமெரிக்க மார்ஷல் திட்டத்தின் பேரில் சண்டை மூண்டு, 1949 ஜனவரியில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் வெளியேறினார்கள். டிசம்பரில் தனி ஸ்தாபனம் கண்டார்கள். கணபதி தூக்கில் தொங்கியது இந்த இரண்டு மாதங்களுக்கும் நடுவில். பிரிட்டிஷ் சர்க்காரின் கையைப் பிடித்திருக்கக்கூடியவர்கள் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள்தான். அந்த நேரத்தில் உலகச் சங்கங்கள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன.

அந்தப் பிளவு இந்தியாவுக்கும் வந்தது. ஏ.ஐ.டி.யு.சி. ஒரு பக்கம்; ஐ.என்.டி.யு.சி.யும் எச்.எம்.எஸ்.சும் இன்னொரு பக்கம். ஒரே மில் வாசலில் மூன்று கொடிக்கம்பம். பிளந்தவர்கள் எதிர்ப்பக்கத்தார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நம்மிடமும் பிடிவாதம் இருந்தது; தோழனின் தவறைப் பார்த்தும் பேசாமல் இருந்த குற்றமும் இருந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் ஒற்றுமை பற்றிப் பேசினால் கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

பழைய மிரட்டல், புதிய வேஷம்

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள்.

ரத்தம் சிந்திய அந்த மூன்று மில்களும் 2020இல் மூடப்பட்டுவிட்டன. எட்டு மணி நேரம் வாங்கிக் கொடுத்தவர்களின் பேரன்கள் இன்று கான்டிராக்டில் கூலி வேலை செய்கிறார்கள். எட்டு மணி நேரமும் பத்திரமாக இல்லை. 2023இல் கர்நாடகத்தில் நாளைக்கு 12 மணி வரை வேலை வாங்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். உடனே இங்கே என்ன பேச்சு? "நாமும் கொடுக்காவிட்டால் தொழிற்சாலை இங்கே வராது." ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபையில் மசோதா நிறைவேறியது.

இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டதாக இல்லையா? 1863இல் லண்டன் முதலாளி சொன்னது! "நீ செய்யாவிட்டால் இன்னொருவன் செய்வான்." அன்று ஆளைக் கொண்டுவருவேன் என்றான், இன்று ஆலையைக் கொண்டுபோவேன் என்கிறான். வேறு வித்தியாசம் கிடையாது.

ஆனால் பல கொடிச் சங்கங்களும் அன்று ஒன்றாக எழுந்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஒற்றுமையின் பலன் இது. நிம்மதியாகத் தூங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் 29 தொழிலாளர் சட்டங்களை எடுத்துவிட்டு நான்கு தொகுப்புகளை மத்திய சர்க்கார் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. 1926ஆம் வருஷத் தொழிற்சங்கச் சட்டமும் அதில் போயிற்று. காவல் காக்க வேண்டிய காலம் இது.

உலக ஒற்றுமையும் செத்துப்போகவில்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளிகள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி 37 நாள் நின்றார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு கொரியாவிலேயே அந்தக் கம்பெனித் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்திருந்தார்கள். கொரியத் தொழிற்சங்கங்கள் நம் தொழிலாளிகளுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தன. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. மறுபடியும் அதே வரிசை: முதலில் இங்கே நின்றார்கள், பிறகு அங்கிருந்து குரல் வந்தது.

பக்கத்துக் கொட்டகையில் இருப்பவன்

கடைசியாக ஒன்று. இது உங்களுக்குக் கசக்கலாம். ஆனாலும் சொல்கிறேன்.

இந்தக் கூட்டத்துக்கு நோட்டீசு கொடுக்கப் போன இடமெல்லாம் நம் வாலிபர்கள் ஒரு குறை சொன்னார்கள்: "வடக்கே இருந்து ஆள் வந்துவிட்டான், அண்ணே. பீகார்க்காரனும் ஒடிசாக்காரனும் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறான். அவனை விரட்டினால்தான் நமக்கு விடிவு."

தோழர்களே, லண்டன் தொழிலாளியின் முன்னால் நின்ற அதே கேள்வி இன்று பெரிய முதலியார்சாவடியில் நம் முன்னால் நிற்கிறது! விரட்டுவதா, கடிதம் எழுதுவதா?

அவன் ஆசைப்பட்டா குறைந்த கூலிக்கு வருகிறான்? தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்துக்கொண்டு, மொழி தெரியாமல், கேட்க நாதியில்லாமல் இருக்கிறான். நம் பாட்டன்மார் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் போனது எப்படி? நம் பிள்ளைகள் இன்றைக்கு வளைகுடாவில் கட்டட வேலை செய்வது எப்படி? அங்கே நம் பிள்ளையை ஒருவன் "குறைந்த கூலிக்கு வந்தவன்" என்று விரட்டினால் நம் வயிறு எரியாதா?

அவனை விரட்டினால் இன்னொருவனைக் கொண்டுவருவார்கள். அவன் கையில் சங்க ரசீது கொடுத்தால், அவனைக் காட்டி நம்மை மிரட்ட ஆள் இருக்க மாட்டான். சிட்னியில் இறங்கிய இந்திய மாலுமிகள் ஆஸ்திரேலியன் விரட்டியதால் இறங்கவில்லை. அவன் வந்து பேசியதால் இறங்கினார்கள்.

ஆகவே இந்த மாதத்துக்கு நமக்கு மூன்று வேலை. உப்பளத்திலும் வயலிலும் சங்கத்தில் சேராதவர்களைச் சேர்த்துச் சந்தா வசூலிக்க வேண்டும். எந்தக் கொடிச் சங்கமானாலும் வேலை நேரத்தில் கை வைத்தால் சேர்ந்து நிற்பது என்று அவர்களிடம் நாமே போய்ப் பேச வேண்டும். மூன்றாவது, இந்தி தெரிந்த ஒரு தோழரை அழைத்துக்கொண்டு அந்தத் தகரக் கொட்டகைகளுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போகிறேன். வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.

ஆயா! எந்த தேசத்துக்காரன் வந்து கூலி ஏற்றித் தருவான் என்று கேட்டீர்கள். யாரும் வந்து தரமாட்டான். நாம் எழுந்தால் அவன் நமக்குத் தோள் கொடுப்பான். அவன் எழுந்தால் நாம் கொடுக்க வேண்டும். நூற்றறுபது வருஷமாக இதுதான் கணக்கு. இந்தக் கணக்கில் நம் பெயருக்கு நேரே பன்னிரண்டு உயிர் வரவு வைக்கப்பட்டிருக்கிறது.

1936 ஜூலை 30 தியாகிகள் நினைவு வாழ்க!

உலகத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!